இரண்டாவது காளாஞ்சி

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபோது மணி ஒன்றேகால். அன்றைய திருவிழா வல்லிபுரத்தின் குடிக்கு உரியது. தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த, கோயில் மரியாதையான காளாஞ்சித் தட்டைப் பூசகர் நீட்ட, குடியின் பேரால் வல்லிபுரம் குனிந்து வாங்கினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். பூசகர் இன்னொரு தட்டை எடுத்தார்.

"கொழும்பில இருக்கிற சீதேவிப்பிள்ளை அம்மாட காளாஞ்சி."

அதையும் வல்லிபுரமே வாங்கினார்.

அன்னப்பூரணி பக்கத்து வீட்டு வதனியின் கையைத் தொட்டாள்.

"ஆர்கா அது?"

"தெரியாதா அக்கா? உங்கட வழக்கைக் கேக்கிற ஜட்ஜ் ஐயாட தாய். அவவும் இந்தக் குடிதானே. கலியாணம் முடிச்சுக் கொழும்புக்குப் போன ஆக்கள்."

"வருசா வருசம் குடுக்கிறதா?"

"நான் இப்பதான் காணுறன். சண்டை முடிஞ்சு பாதை திறந்திட்டாங்களே, இனிக் காளாஞ்சியும் கொழும்புக்கு பஸ் ஏறும்."

வதனி சிரித்தாள். அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை.

வல்லிபுரம் ஹோட்டல் கட்டப்போகும் நிலம் அன்னப்பூரணியுடையது. சுனாமியாய்க் கடல் வந்த அன்று வீடும் போயிற்று, புருசனும் போனார், நிலம் கிடந்தது. கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இனி யாரும் குடியிருக்கக் கூடாதென்று அரசாங்கம் சொன்னது. வாவிப் பக்கம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவள் போனாள். சண்டை முடிந்த மறுவருடம், அதே அரசாங்கத்தின் அனுமதியோடு, அதே நிலத்தைச் சுற்றி வல்லிபுரம் முள்ளுக்கம்பி அடித்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அதற்கு மேலே நாட்டில் வேறு நீதிமன்றம் இல்லை.

திங்கட்கிழமை கொழும்பில் விசாரணை. மூன்று நீதியரசர்கள் இருப்பார்கள். நடுவில் சீதேவிப்பிள்ளையின் மகன். அவர் இரண்டு முறை அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியவர். அதற்காக வரவேண்டிய பதவி வராமல் போயிற்று. அப்படியும் வளையவில்லை. அவர் பேரைச் சொல்லி அன்னப்பூரணி விளக்கு வைத்திருக்கிறாள்.

ஆனால் குடி தாய் வழியில் வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டிராவிட்டாலும் அண்ணன் தம்பி. அவள் ஊரான பெரியகல்லாற்றில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சனிக்கிழமை அவள் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். அவளுடைய சட்டத்தரணி நல்லரத்தினம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, அவர் கொழும்பில பிறந்து வளந்தவர். என்ன குடியெண்டு கேட்டா முழிப்பார்."

"தாய் முழிக்கமாட்டாவே ஐயா."

"கோட்டில போய் இதைச் சொல்ல ஏலுமா? ஒரு தட்டு வெத்திலை."

"நான் வெத்திலையப் பத்திக் கேக்கல்ல. அந்த ஜட்ஜ் வேணாமெண்டு நாங்க சொல்லலாமா, ஏலாதா?"

நல்லரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சொல்லலாம். ஒரு சொல் சொன்னாக் காணும், அவர் தானா விலகிடுவார். அப்பிடிப்பட்ட மனிசன். மறுகா அந்தக் கதிரையில ஆர் வந்து இருப்பார் எண்டு எனக்குத் தெரியும். அவருக்கு இஞ்ச குடியும் இல்ல, கோயிலும் இல்ல. ஆனா அரசாங்கத்துக்கு எதிரா ஒரு வரி எழுதமாட்டார்."

"அப்ப ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு."

"இவர்ட பக்கம் திறந்திருக்கு எண்டுதான் நான் சொல்றன். துணிஞ்ச ஆள் அக்கா. இப்பிடி ஒருவர் கிடைக்கிறதே பெரிய காரியம்."

அன்னப்பூரணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். துணிந்த ஆள்தான். துணிவு யாருக்கு எதிராக என்பதுதான் கேள்வி.

"இவருக்கு முன்னால வரப் பயந்து வல்லிபுரத்தார் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி ரெண்டு தரம் தவணை கேட்டவரெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம்."

"இந்த முறை?"

நல்லரத்தினம் வழக்குத் தாள்களைப் புரட்டினார்.

"கேக்கல்ல. அவங்கட லோயரே இந்தத் திகதிய எடுத்தவர். களைச்சிட்டாங்க எண்டு நினைச்சன்."

"களைச்ச ஆளா? நேத்து ரெண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிப் போனார்."

இந்த முறை நல்லரத்தினம் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திங்கட்கிழமை வழக்குக் கூப்பிட்ட உடனே இவர் வேணாமெண்டு நான் எழும்பிச் சொல்லோணும். இல்லாட்டி ஒருநாளும் சொல்ல ஏலாது. காணி உங்கட. நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்றன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மேசையில் தேத்தண்ணி ஆறியிருந்தது.

"நீங்களும் குடி தெரிஞ்ச இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே. அது உங்கட காணியெண்டா, தம்பி, நீங்க அவருக்கு முன்னால போவீங்களா?"