வலிக்காத இடம்

தீக்காய வார்டின் வாசலில் கொடுத்த பச்சை அங்கியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஸ்திரி உள்ளே நுழைந்தார்.

"போட்டுக்குங்க ஐயா. கையில வெச்சுக்கக் குடுக்கல," என்றாள் கட்டுப் போடும் நர்ஸ்.

"நான் குளிச்சிட்டு சுத்தமாத்தான் வந்திருக்கேன்."

"நீங்க சுத்தம்தான். உங்க சட்டை பஸ்ல வந்திருக்கு. போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். அங்கியின் நாடா முதுகுப் பக்கம் தொங்கியது. யாராவது கட்டிவிட வேண்டும். கட்டிலருகே ஸ்டூலில் இருந்த மாப்பிள்ளை எழுந்து அருகில் வந்தான். மேஸ்திரி திரும்பி முதுகைச் சுவரோடு சேர்த்துக்கொண்டார்.

"வாங்க மாமா."

"உக்காருங்க, உக்காருங்க. மூணு நாளா ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க."

மாப்பிள்ளை பேக்கரி வைத்திருந்தான். மகளாகப் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு மேஸ்திரி வந்தார், நின்றார், போனார். நாலு வருடத்தில் ஒரு முறைகூட அவனை ஒருமையில் அழைத்ததில்லை. வாங்க, போங்க, சொல்லுங்க என்று மரியாதையை முள்வேலி மாதிரி சுற்றிக் கட்டியிருந்தார். அதைத் தாண்டி உள்ளே வர அவனுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

மகள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை வலது கையில் கட்டு. இரண்டு தலையணைமேல் கையைத் தூக்கி வைத்திருந்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சர்க்கரைப் பாகு சட்டியோடு சாய்ந்து கையில் கொட்டியிருந்தது.

"கல்லு, வலிக்குதா?"

"இல்லப்பா."

மேஸ்திரி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்தவன் தோற்றவனைப் பார்க்கிற பார்வை.

கல்லு என்பது அவர் வைத்த பெயர். ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை கிழிந்து எட்டுத் தையல் போட்டபோது அவள் கண் கலங்கவில்லை. கலங்காததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் லேத் பட்டறையில் மேஸ்திரியின் இடது ஆள்காட்டி விரல் நுனி மெஷினோடு போனது. பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெஷினை நிறுத்தினார், கைக்குட்டையைச் சுற்றினார், நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. இதில் கூட்டியோ குறைத்தோ சொல்ல ஒன்றுமில்லை. நடந்தது அதுதான். அந்தக் குடும்பத்துக்கு நகை நட்டோ நிலம் நீச்சோ கிடையாது. இருந்த ஒரே சொத்து இந்தக் கதை.

"மோதிரம் எங்க?" என்றார் மேஸ்திரி. மகளின் பிறந்த வீட்டு அடையாளமாக அவர் போட்டுவிட்ட மோதிரம்.

"வெட்டி எடுத்துட்டேன் மாமா. விரல் வீங்க ஆரம்பிச்சிடுச்சு."

"வெட்டிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டுட்டு இருந்தா விரலையும் சேத்து வெட்ட வேண்டியிருக்கும்னு பட்டுச்சு."

"வாய் நல்லா வேலை செய்யுது. பாகு கொட்டின கையில பச்சைத் தண்ணிய ஊத்தினீங்களாமே. மாவை அப்புங்கன்னு போன்ல தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். பேக்கரியில மாவுக்கா பஞ்சம்?"

நர்ஸ் கத்தரிக்கோலால் கட்டை நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள். "இருபது நிமிஷம் குழாயடியில கையைப் பிடிச்சிருக்கார் ஐயா. அந்தத் தண்ணிதான் உங்க பொண்ணு விரலைக் காப்பாத்துச்சு. மாவு, மை, பேஸ்ட்டுன்னு எதையும் பூசாம வந்த ஒரே வீடு இந்த மாசம் இவர் வீடுதான். பூசியிருந்தா அதைச் சுரண்டவே எனக்கு அரை நாள் போயிருக்கும்."

மேஸ்திரி செருமினார். பதில் வராதபோது அவர் செருமுவார்.

டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். கட்டுப் பிரித்த கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். முழங்கைப் பக்கம் ஈரமாகச் சிவந்திருந்தது. நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மெழுகு ஊற்றி ஆறியதுபோல் வெள்ளை. அதிலிருந்து மணிக்கட்டைத் தாண்டும்வரை சிவப்பும் வெள்ளையும் கலந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"சிவப்பா இருக்குறது தானா ஆறிடும்," என்றார் டாக்டர். "வெள்ளை இடத்துல தோல் முழுசா வெந்துடுச்சு, நரம்பும் சேந்து போயிடுச்சு. அங்க தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டத்தான் வேணும். எனக்குச் சந்தேகமே இந்தக் கலப்படமான இடம்தான். ஊசி முனையால தொடுறேன். சுருக்குன்னா தோல் உயிரோட இருக்குன்னு விட்டுடுவேன். ஒண்ணுமே தெரியலைன்னா நாளைக்குக் காலையில அதையும் எடுத்துட்டு ஒட்டுவேன்."

"எடுத்தா என்ன?" என்றார் மேஸ்திரி.

"மணிக்கட்டு மேல வருது பாருங்க. ஒட்டின தோல் சுருங்கும். மாசக்கணக்கா பயிற்சி எடுத்தாலும் பழைய மாதிரி மடங்கும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

"கேக்குல பூ வைக்கிற கை டாக்டர்," என்றான் மாப்பிள்ளை. "மணிக்கட்டாலதான் எல்லாமே."

ஊசி முனை இறங்கியது.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

டாக்டர் ஊசியை முழங்கைப் பக்கம், ஈரச் சிவப்புக்குக் கொண்டுபோனார். "இங்க?"

"இல்ல," என்றாள் மகள். போர்வைக்கு வெளியே அவள் கால் விரல் ஐந்தும் உள்ளே மடங்கின.

"கால் ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது," என்றாள் நர்ஸ்.

"இங்க வலிக்காம இருக்கவே முடியாதும்மா. இதுக்கே நீங்க இல்லைன்னா, மத்ததுக்குச் சொன்ன இல்லையை நான் எப்படி நம்புறது?" என்றார் டாக்டர்.

"அவ பொய் சொல்றா டாக்டர். அன்னைக்கு அவ போட்ட சத்தத்துல எதிர்க் கடைக்காரரே ஓடி வந்துட்டார்," என்றான் மாப்பிள்ளை.

மேஸ்திரி நிமிர்ந்தார். "யாரு கத்தினா? என் பொண்ணா? பயந்து நீங்க கத்தியிருப்பீங்க. கல்லு, நீ கத்தினியா?"

மகள் கணவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "இல்லப்பா."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. இருபது நிமிடம் குழாயடியில் அவள் கடித்த பல் தடம் அவன் தோளில் இன்னும் நீலமாக இருந்தது. அதைக் காட்ட அவன் சட்டையைக் கழற்றவில்லை.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றார் டாக்டர்.

"பெத்தவன் வெளிய, இவர் உள்ளேயா?"

"ஆமா."

போனார். தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றார். இரண்டு முறை செருமினார். பத்து நிமிடத்தில் நர்ஸ் வெளியே வந்தாள்.

"இப்பவும் இல்லைன்னுதான் சொல்றாங்க. நீங்க இங்க செருமுறது கட்டில் வரைக்கும் கேக்குது."

"அவ அப்படித்தான். எங்க வீட்டு வளர்ப்பு."

"வளர்ப்பை வேற எங்கயாவது காட்டுங்க ஐயா. இந்த வார்டுல கத்துறவங்களைப் பாத்து நான் பயப்படுறதில்ல. வலிக்காத இடம்தான் எங்களுக்குப் பயம். உங்க பொண்ணு நல்ல தோலைச் செத்த தோலுன்னு சாட்சி சொல்லிட்டிருக்காங்க. டாக்டர் என்ன செய்வாங்க? விட்டுவெச்சா சீழ் பிடிக்குமோன்னு பயந்து மொத்தமா எடுப்பாங்க."

"சொல்லச் சொல்லி நீங்க சொல்லுங்க."

"சொல்லியாச்சு. அவங்க வீட்டுக்காரரும் கெஞ்சிட்டார். 'எங்கப்பா விரல் போனப்பவே கத்தல' அப்படின்றாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல."

மேஸ்திரி தன் இடது கையைப் பார்த்தார். நுனியில்லாத விரல் மொட்டையாக நின்றது. வலிச்சா சொல்லும்மா என்று உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் கேட்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. நர்ஸ் போகாமல் நின்றாள்.

உள்ளே போனார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் கத்தினேன்."

"என்னப்பா?"

"விரல் போன அன்னைக்கு. பட்டறை ஓடு பறக்குற மாதிரி கத்தினேன்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "அம்மா அம்மான்னு தரையில புரண்டேன். பதினாலு பேரும் சேந்துதான் அமுக்கிப் பிடிச்சாங்க. வெளிய சொல்லாதீங்கடான்னு அவங்க கையில காலுல விழுந்தேன். தூக்கிட்டுப் போய்த்தான் ஆஸ்பத்திரியில போட்டாங்க."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழாமல் தாங்கிய எட்டுத் தையல், அதற்கப்புறம் வந்த ஜுரங்கள், பரீட்சைகள், சண்டைகள் எல்லாம் அந்தப் பார்வையில் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. நம்பிவிட்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா சொன்னதெல்லாம்?"

"சும்மா."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "தொட்டுப் பாருங்க டாக்டர்," என்றாள்.

ஊசி முனை மணிக்கட்டைத் தொட்டது. முதலில் ஒரு மூச்சு இழுத்த சத்தம். இரண்டாவது தொடுதலில், "வலிக்குது." மூன்றாவதில், "ஐயோ, வலிக்குது டாக்டர், போதும், போதும்." அதன்பின் வந்தது பேச்சில்லை, அலறல். நாலு கட்டில் தள்ளியிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி அசையாமல் நின்று முழுவதையும் கேட்டார்.

டாக்டர் மார்க்கர் பேனாவால் கையில் கோடு போட்டார். கோடு வெள்ளையைச் சுற்றிக்கொண்டு, மணிக்கட்டுக்கு மூன்று விரற்கடை முன்பே நின்றது. "இவ்ளோதான் எடுக்கப் போறேன். மணிக்கட்டைத் தொட மாட்டேன்."

மகள் அப்பா பக்கம் திரும்பவில்லை. மேஸ்திரி தாழ்வாரத்துக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையும் வந்து, கேட்காமலே பக்கத்தில் நின்றான். இவ்வளவு அருகில் அவன் நின்றதே இல்லை.

"மாமா, நிஜமாவே தரையில புரண்டீங்களா?"

உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. அதை அவன் மறைக்கப் பார்த்தான். ஆனாலும் தெரிந்தது. அந்தப் பதினாலு பேரில் வெல்டர் ஒருவர் இன்னும் இருக்கிறார், மேஸ்திரி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு போன் போட்டால் போதும், இந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் கல்லுவுக்குத் தெரியும். நாளைக்குப் பிறகும் தினம் கட்டு மாற்றுவார்கள். தினம் வலிக்குதா என்று கேட்பார்கள்.

"புரண்டேன்," என்றார் மேஸ்திரி.

"அம்மான்னா கத்தினீங்க?"

"அம்மான்னுதான்."

மாப்பிள்ளை பின்னால் போய், தொங்கிக்கொண்டிருந்த அங்கி நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டான். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை.