ஜிசேல் கற்ற பிரெஞ்சு

காரைக்காலிலிருந்து, அதேபோல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனுக்கு வந்து சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இக்னாஸ், மகள் ஜிசேல் பிறந்த அன்றே மனைவி எலெனிடம் சொல்லிவிட்டார்.

"நீ அவகிட்ட தமிழ் பேசாத. நாக்கு கெட்டுடும். பிரெஞ்சு நான் பேசிக்கிறேன்."

எலெனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே மகளைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் வாய் திறக்காமல்தான். தாலாட்டில்கூட ராகம் மட்டுமே இருந்தது. பேச்சை உள்ளூர் ஆயா தன் பாஷையில் கவனித்துக்கொண்டாள். இக்னாஸ் அலுவலகம் முடிந்து கிளப்புக்குப் போய், சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வீடு வந்தார்.

ஜிசேலுக்கு நாலு வயதானதும், ஆயாவும் கூடவர, கன்னியர் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே இடம். கன்னியாஸ்திரி குனிந்து, "உன் பெயரென்ன, கண்ணே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

ஜிசேல் அப்பழுக்கில்லாத உச்சரிப்பில், "வாயை மூடு, எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்றாள். அவளிடம் இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். கன்னியாஸ்திரி கதவைக் காட்டினார்.

"என்னங்க சொன்னா?" என்றாள் எலென்.

"வணக்கம் சொன்னா."

"தினம் சாப்பிட உக்காந்ததும் நீங்க அவகிட்ட சொல்றதுதானே அது? அவ்வளவு மரியாதையாவா வளத்தீங்க?"

இக்னாஸ் தொப்பியைச் சரிசெய்தார்.

"உங்கள நம்பித்தாங்க நான் ஊமையா இருந்தேன்" என்ற எலென், மகள் பக்கம் திரும்பி, "வாடி தங்கம், வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

ஜிசேல் அம்மாவின் வாயையே வியப்பாகப் பார்த்தாள். பிறகு, அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்க, வாசலில் நின்ற ஆயாவிடம் ஓடினாள்.