தோள் வார்

மழைக்கோட்டைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“அது அடியில இல்லங்க. மழை வந்தா மொத்தப் பையையும் கொட்டியா தேடுவாங்க? மேல வைங்க.”

கண்ணாடிக்காரர் கோட்டை வெளியே இழுத்தார். அதோடு கயிற்றுச் சுருளும் வந்து தரையில் விழுந்து அவிழ்ந்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கடுகளவு திருகாணியையும் நடுங்காமல் பூட்டுகிற விரல்கள் இன்று ஒரு கயிற்றிடம் தோற்றுக்கொண்டிருந்தன.

“கண்ணாடிப் பெட்டி அடுக்கற மாதிரி அடுக்காதீங்க. கனமானது முதுகை ஒட்டி இருக்கணும்.”

அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஊருக்கே டிரைவரம்மா. மலைக்காட்டில் வழி தவறியவர்களைத் தேடிப் போகிற தன்னார்வக் குழுவிலும் இருந்தாள். போன் வந்தால் போதும், சாப்பிட்ட கை காய்வதற்குள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் ஒருமுறைகூட உடன் போனதில்லை. “நீங்க வந்தா உங்களைத் தேட இன்னொரு குழு வேணும்” என்பாள். ரெண்டு தெரு தாண்டினாலே அவருக்குத் திசை குழம்பிவிடும்.

ஈரலில் வந்த நோய் இப்போது அவளைத் துரும்பாக்கியிருந்தது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய அக்கா மட்டும் வந்து தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் குழுவிலிருந்து போன் வந்தது. காளான் பறிக்கப் போன தையல்காரப் பெண் ஒருத்தியைக் காட்டில் காணவில்லை. புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரம்மாவிடம் சரியான பை இல்லை. டிரைவரம்மாவின் பை கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று அவர் வாயெடுப்பதற்குள், “வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்றாள் அவள்.

“காணாமப் போன பொண்ணுக்குக் காது கேக்காதாமே?” என்றாள் இப்போது.

“அப்படித்தான் சொன்னாங்க.”

“அப்ப விசில் அடிச்சு என்ன பிரயோஜனம்? டார்ச்சை மேல் ஜிப்புக்கு மாத்துங்க. பேட்டரி நனையாம கவர்ல போடுங்க.”

“நீ கொஞ்ச நேரம் பேசாமத்தான் இரேன்.”

“பேசாமத்தான் இருக்கப் போறேன். அதுக்குள்ள பையை ஒழுங்காக் கட்டுங்க.”

“வாயைப் பாரு இவளுக்கு” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலமாரியில் அவளுடைய அரக்கு நிற ஸ்வெட்டர் இருந்தது. முழங்கையில் வேறு நிற நூலால் தைத்தது. எடுத்தவர் அதைப் பைக்குள் வைக்காமல், ஏதோ மறந்துவிட்டவர்போல அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.

“அதையும் வைங்க.”

“இது இங்கயே இருக்கட்டுமே.”

அவள் அவரையே பார்த்தாள். பதில் சொல்ல அவளுக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது.

“அங்க குளிரும்ங்க.”

அவர் அதை மடித்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

தெருவில் கார் ஹாரன் அடித்தது. அவர் பையைத் தூக்கினார். இவ்வளவு கனத்தையா இவள் மேடு பள்ளமெல்லாம் சுமந்தாள் என்று இருந்தது.

“குடுத்துட்டு வந்துடறேன்.”

“வாரை அளவு பாத்துக் குடுங்க. அந்தம்மா குள்ளம். தொங்கினா முதுகு போயிரும்.”

பல் டாக்டரம்மா உருண்டையாக, கூச்சமாக நின்றிருந்தாள். பையை மாட்டியதும் அது அவள் இடுப்புக்குக் கீழே இறங்கியது. “பரவால்ல சார், நான் போற வழியில பாத்துக்கறேன்” என்றாள். கார் உறுமிக்கொண்டே நின்றது.

“இருங்க” என்றார் அவர்.

வியர்வையும் மண்ணும் ஏறி வார்க்கொக்கி இறுகிப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்த சின்னத் திருப்புளியால் நெம்பினார். கொக்கி கடித்துக் கடித்து வாரில் ஓர் ஆழமான மடிப்பு விழுந்திருந்தது. அவளுடைய உயரம் அது. கொக்கியை அதிலிருந்து நகர்த்த அவருக்கு மனம் வரவில்லை. பிறகு நகர்த்தினார். வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியை வளைத்துப் பார்ப்பவர்போல, “இங்க இறுக்குதா? இப்ப?” என்று இடதும் வலதும் மாற்றி மாற்றிச் சரி செய்தார். பை முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது.

“கனமே தெரியல சார்” என்றாள் டாக்டரம்மா வியப்போடு. “நாளைக்கு வந்து பாக்கறேன்னு டிரைவரம்மாகிட்ட சொல்லுங்க.”

கார் முனை திரும்பும்வரை நின்றுவிட்டு அவர் படியேறினார். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கூப்பிட்டேனே தம்பி. கத்திக் கத்திக் கூப்பிட்டேனே.”

“கேக்கலையே” என்றார் அவர்.

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும், “கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டார்கள். வாரைப் பற்றிச் சொன்னாள் என்று எப்படிச் சொல்வது? அவர் தலையை மட்டும் ஆட்டினார். வழியில் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே அந்தம்மா சொன்னாள். விட்டிருக்கலாம். இருங்க என்று நிறுத்தியது நான்தானே. நினைக்க நினைக்க, அந்தப் பையின் மேலும் அதை மாட்டிக்கொண்டு போனவள் மேலும் காரணமில்லாத கோபம் ஒன்று அவருக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. வெளியே மழை விடாமல் கொட்டியது.

மறுநாள் வெயில் ஏறும்போது மழை விட்டிருந்தது. எடுப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. தெருவில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்தக் கார் வந்து நின்றது.

பல் டாக்டரம்மா இறங்கினாள். முழங்கால்வரை சேறு. மேலே அரக்கு நிற ஸ்வெட்டர். கை நீளம் அதிகமென்று மடித்துவிட்டிருந்தாள். முதுகில் பையோடு வந்தவள் அவரைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே, “சார், கிடைச்சுட்டாங்க! உயிரோட இருக்காங்க! டிரைவரம்மா முழிச்சிருக்காங்களா?” என்றாள்.

பிறகுதான் நாற்காலிகளைப் பார்த்தாள்.

யாரோ அவளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்கள். மலையில் போனுக்குச் சிக்னல் இல்லையாம். நேராக இங்கேதான் வந்திருக்கிறாள். கட்டிலருகே போய் நின்றவள், தன் சேற்றுக் கால்களைப் பார்த்துப் பின்வாங்கிக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நாங்க கண்டுபிடிக்கல சார்” என்றாள் அவரிடம். “வேற குழுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைக்கடியில, கால் ஒடிஞ்சு கிடந்திருக்காங்க. நான் சும்மா நடந்துட்டுத்தான் வந்தேன். குளிர் தாங்காம நடுங்குனது நான்தான். இது மட்டும் இல்லேன்னா என்னையும் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க.” ஸ்வெட்டரின் மடித்த கையைத் தடவிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“எப்ப சார்?”

“நேத்து சாயங்காலம்.”

அவள் நிமிர்ந்தாள். “சாயங்காலம்னா... நீங்க தெருவுல எனக்கு வார் கட்டிட்டு இருந்தீங்களே. அப்பவா?”

ஆமாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். யாரிடம் இறக்கி வைப்பது என்று தெரியாமல் பொழுது விடியும்வரை தொண்டையில் வைத்திருந்த சொல் அது. தண்ணீர் டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்த அக்கா, நிலைப்படியிலேயே நின்றுவிட்டதை அவர் பார்க்காமலே உணர்ந்தார். டாக்டரம்மாவின் விரல்நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. நகக்கண்ணெல்லாம் மண்.

“இல்ல. நீங்க போய் ரொம்ப நேரம் கழிச்சுத்தான். நான் பக்கத்துலயே இருந்தேன்.”

அக்கா மெல்ல வந்து டம்ளரை அவள் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடினாள்.

“ஆமாம்மா. அவர் கையைப் பிடிச்சுட்டேதான் போனா. குடி.”

டாக்டரம்மா குடித்தாள். ஸ்வெட்டரைக் கழற்றப் போனவளை, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று அவர் தடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் தலை சுவரில் சாய்ந்தது. அவள் நீட்டியிருந்த கால்களைச் சுற்றிக்கொண்டு துக்கத்துக்கு வந்தவர்கள் உள்ளே போனார்கள்.

அக்கா தரையில் உட்கார்ந்து, அவளை எழுப்பாமல் ஷூ கயிற்றை அவிழ்த்தாள். தண்ணீர் குடித்துக் கனத்த காலுறைகளை உருவி, அவரிடம் நீட்டினாள்.

அவர் அவற்றைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் பிழிந்தார். பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கொடியில் போட்டு, சுருக்கம் போக இழுத்துவிட்டு, கிளிப்பு மாட்டினார். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காலுறைகளின் நுனியில் தண்ணீர் மறுபடி திரண்டு, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.