பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுபோன யானைக்குட்டி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. பெற்றோருக்கான மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, புதிதாக வந்த புத்தகங்களில் பத்தைப் பரிந்துரைக்க வேண்டும். பாதி கதை, பாதி தகவல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி.

எனக்கு அது கைவந்த வேலை. எங்கள் தெரு நூலகத்தின் சிறுவர் பிரிவில் ‘புதிதாக வந்தவை’ என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்னால் ஒரு சிறிய அட்டை நிற்கும். அந்த அட்டைகளை எழுதுவது நான்தான். சம்பளம் கிடையாது. புதுப் புத்தகத்தை எல்லோருக்கும் முன்னால் முகர்ந்து பார்க்கலாம், அது போதும்.

பத்தில் ஐந்தை எழுதி முடித்தேன். ஐந்தும் தகவல் புத்தகங்கள். ஆறாவதில் நின்றுவிட்டேன். காரணம் என் தம்பி மகள்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் குண்டூசி என்று கூப்பிடுவோம். மண்புழுவைப் பற்றிய அறுபது பக்கப் புத்தகத்தை ஒரே வாரத்தில் முடித்தவள். பாலங்களில் ஏன் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள், குழாய்க்கு வருவதற்கு முன் தண்ணீர் எங்கே இருந்தது என்றெல்லாம் சொல்லும் புத்தகங்களையும் முடித்தாள். ஆனால் எந்தக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தாலும் பன்னிரண்டாம் பக்கத்தை ஒட்டி மூடிவிடுகிறாள். எந்த இடத்தில் மூடினாள் என்பது எனக்குத் தெரியும். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். பொத்தான்களில் எண் ஒட்டுவதற்கு ஸ்டிக்கரை உரித்த பிறகு மிஞ்சும் மஞ்சள் தாள்தான் அவளுக்குப் பக்க அடையாளம். எடுக்க மறந்து அப்படியே திருப்பிக் கொடுப்பாள். கதைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் மஞ்சள் தாள் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பரிந்துரை எழுதுகிறவளின் வீட்டுப் பிள்ளையே கதை படிக்கவில்லை என்றால் ஆறாவது புத்தகத்தை எந்த முகத்தோடு பரிந்துரைப்பது?

2

தொடக்கமாக எழுதி விட்டுவிட்டவை:

‘ஒரு குழந்தை புத்தகத்தை மூடும்போது ஓர் உலகமே’ — இல்லை. இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நானே படிக்க மாட்டேன்.

‘இன்றைய குழந்தைகள் ஏன் கதை படிப்பதில்லை என்று ஆராய்ந்தால்’ — நான் எதையும் ஆராயவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குழந்தை.

‘மஞ்சள் தாள் இருந்த இடம்’ — இது பரவாயில்லை. ஆனால் துப்பறியும் கதை போல இருக்கிறது. இங்கே குற்றவாளி யாரும் இல்லை. எல்லோருமே நல்லவர்கள். நல்லவர்களை வைத்துக் கதை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

3

இது வெறும் புதிராக இருந்திருந்தால் விட்டிருப்பேன். விட முடியாததற்குக் காரணம் அவள் பள்ளி.

அவள் வகுப்பில் வாரம் ஒருமுறை ஒரு பிள்ளை எழுந்து, தான் படித்த புதுக் கதையைச் சொல்ல வேண்டும். அவள் முறை வந்தபோது மண்புழுவைப் பற்றிச் சொன்னாள். மண்புழுவுக்குக் கண் இல்லை, ஆனாலும் வெளிச்சம் தெரியும் என்று சொன்னாள். ஆசிரியை அன்பாகத்தான் சொன்னாராம்: “நல்லா இருக்கும்மா. ஆனா இது கதை இல்லையே. அடுத்த வாரம் ஒரு கதை சொல்றியா?” பின்வரிசையில் யாரோ ‘புழு’ என்றார்களாம். வகுப்பு சிரித்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “எனக்குக் கதை வராது.”

கணக்கு வராது, பாட்டு வராது என்று சொல்கிறோமே, அந்தத் தொனியில். ஏழு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அது கல்லில் எழுதியதுபோல நின்றுவிடும். அடுத்த வாரத்துக்குள் அதை அழிக்க வேண்டும்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எழுத்தில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுகிறவரின் மூளையை இரவல் வாங்கிப் பேசுவார்கள். குண்டூசியும் அப்படி ஆகிவிடக் கூடாது. ஆகவே சொல்லிவைக்கிறேன்: அவள் பென்சில் முனையைத் தின்பாள். பல் தேய்க்காமலே தேய்த்தேன் என்பாள், பிரஷ்ஷை மட்டும் நனைத்து வைத்துவிட்டு.)

4

முதலில் நூலகரிடம் கேட்டேன். எதையும் அலட்டிக்கொள்ளாத மனுஷி. கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டே பேசுவார்.

“எழுத்து சின்னதா இருக்கும்,” என்றார்.

“மண்புழுவுல அதைவிடச் சின்னது.”

“அப்ப படம் பிடிக்கல.”

“கடைசியா கொண்டுபோன யானைக்குட்டிப் புத்தகத்தை, படத்தைப் பார்த்துத்தான் அவளே எடுத்தா.”

“அப்ப அத்தை கொடுக்குற புத்தகம்னுதான் பிடிக்கல,” என்று பசையை மூடினார்.

பிறகு தம்பி. அவன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி,” என்று தொடங்கினான்.

“மிச்சத்தைச் சொல்லாத.”

“கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. அக்கா, நீதானே எல்லாப் பிள்ளைக்கும் எது படிக்கணும்னு எழுதிவைக்கிற. நம்ம வீட்டுப் பிள்ளை மட்டும் பன்னெண்டாம் பக்கத்துல இறங்கிடுது.”

சிரித்தான். ஆனால் சாதம் தட்டிலேயே இருந்தது. கை கழுவ எழுந்துகொண்டே, “பள்ளிக்கூடம் போகும்போது வயிறு வலிக்குதுன்னு சொல்றா,” என்றான்.

5

பன்னிரண்டு ஏன் என்பதை விளக்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படப் புத்தகங்களில் பல முப்பத்திரண்டு பக்கம் கொண்டவை. யாரோ ஆசைப்பட்டு வைத்த எண் அல்ல அது. ஒரு பெரிய தாளை ஒருமுறை மடித்தால் நாலு பக்கம். மறுபடி மடித்தால் எட்டு. இன்னொரு தடவை, பதினாறு. நான்காவது மடிப்பில் முப்பத்திரண்டு. அதற்கு மேல் மடித்தால் தாள் திமிறும். ஆகவே தவளை, பூனை, யானை, நிலா எல்லாம் ஒரே அளவு வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். தலைப்புக்கும் மற்ற விவரங்களுக்கும் முதல் சில பக்கங்கள் போய்விடும். பிறகு நாயகனை அறிமுகம் செய்ய வேண்டும், நமக்கு அவனைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டதா? அப்போது பன்னிரண்டாம் பக்கம் வந்திருக்கும். அங்கேதான் ஆபத்தை வைப்பார்கள்.*

மஞ்சள் தாள் இருந்த பக்கங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் தவளையின் குளம் வற்றுகிறது. இன்னொன்றில் காற்று குடையைப் பிடுங்கிப் போகிறது. யானைக்குட்டிப் புத்தகத்தில், குட்டி பேருந்தின் கடைசி இருக்கையில் தூங்கிவிடுகிறது, அம்மா கூட்டத்தோடு இறங்கிவிடுகிறாள், பேருந்து கிளம்புகிறது.

அவளுக்குப் பக்க எண் பொருட்டே இல்லை. ஆபத்து வந்த இடத்தில் மூடியிருக்கிறாள்.

* எல்லாப் புத்தகமும் இப்படி இல்லை. நாலாம் பக்கத்திலேயே நாயகனைக் கிணற்றில் தள்ளிவிடுகிற துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

6

இனி அவளிடமே கேட்க வேண்டியதுதான். (ஏன் முதலிலேயே கேட்கவில்லை? பெரியவர்கள் அப்படித்தான். நோயாளியைத் தவிர எல்லோரிடமும் நோயைப் பற்றி விசாரிப்போம்.)

ஒரு சாயங்காலம் லிஃப்டில் ஆறாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

“யானைக்குட்டி தனியா இருக்கே, அதான் மூடிட்டியா?”

அவள் பொத்தான்களைப் பார்த்தபடி நின்றாள். “அது என்ன ஆகும்னு தெரியல.”

“அதுக்குத்தானே மேல படிக்கணும்?”

“படிச்சு, அது வரவே இல்லைன்னா?”

அவளே தொடர்ந்தாள். “அத்தை, இந்த லிஃப்ட் கயிறு அறுந்துபோனா என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியாது.” (தெரியும். ஆனால் அவள் சொல்லிக் கேட்க வேண்டும்.)

“விழாது. வேகமா இறங்குச்சுன்னா மேல ஒரு சக்கரம் கண்டுபிடிச்சிடும். அது நின்னு, சின்னக் கயித்தை இழுக்கும். உடனே பெட்டிக்கு அடியில இருக்குற பிடி ரெண்டு பக்கமும் கம்பியைக் கவ்விக்கும். அப்பா காட்டினாரு. அதான் நான் ஏறுறேன். முன்னாடி ஏற மாட்டேன்.”

“சரி.”

“கதையில அந்தப் பிடி எங்க இருக்குன்னே யாரும் சொல்றதில்ல.”

ஆறாவது மாடி வந்தது. கதவு திறந்து, யாரும் இறங்காததால் மூடிக்கொண்டது.

தகவல் புத்தகத்தில் முதலிலேயே பொருளடக்கம் இருக்கிறது. எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டு ஏறலாம். கதையில் அது கிடையாது. போதாததற்கு, என் அட்டைகள். எல்லா அட்டையும் ஒரே மாதிரிதான் முடியும்: ‘யானைக்குட்டி அம்மாவிடம் போய்ச் சேர்ந்ததா? படித்துப் பாருங்கள்.’ எங்கள் தொழிலில் முடிவைச் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். அந்தக் கேள்வி பல பிள்ளைகளைக் கதைக்குள் இழுத்திருக்கிறது. இவளை அதுதான் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.

(இந்தப் பக்கத்தில் மூடிவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: குண்டூசி புத்தகத்தைப் படித்து முடிக்கிறாள். கவலைப்படாமல் வாருங்கள்.)

7

“போய்ச் சேர்ந்துடும்,” என்றேன், கதவு இரண்டாம் முறை திறந்தபோது. “யானைக்குட்டி அம்மாகிட்ட வந்துடும். எப்படின்னா, அந்த ஓட்டுநர்...”

“எப்படின்னு சொல்லாதீங்க,” என்று காதைப் பொத்திக்கொண்டாள். “வந்துடும்ல? அது போதும்.”

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று. பேருந்து தெரியாத தெருக்களில் போகும் பக்கங்களில் விரலால் சன்னல்களை எண்ணினாள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து, “நான் வேற மாதிரி வரும்னு நினைச்சேன்,” என்றாள். பிறகு மறுபடி முதலிலிருந்து.

சமையலறை வாசலில் தம்பி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான். பல்லியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போய், கதைப் புத்தகங்களின் அட்டைகளை எல்லாம் மாற்றினேன். ‘யானைக்குட்டி பத்திரமாக வந்துவிடும். தவளைக்குக் குளம் கிடைத்துவிடும். குடை திரும்பாது, ஆனால் அது நல்ல இடத்தில் இருக்கும்.’

அன்று மாலையே ஒரு சிறுமி, இரட்டைச் சடையும் கோபமுமாக, தவளைப் புத்தகத்தோடு நூலகரிடம் வந்தாள். “குளம் கிடைக்கும்னு யாரு போட்டது?”

நூலகர் என்னைக் கைகாட்டினார்.

“ஏன் ஆன்ட்டி சொன்னீங்க? இப்ப நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?” புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“ஒருத்தியைக் கரையேத்திட்டு இன்னொருத்தியைத் தள்ளிவிட்டுட்டீங்க,” என்றார் நூலகர்.

8

கதை சொல்லும் நாள். நான் வகுப்பில் இல்லை. ஆகவே என்னிடம் பல முடிவுகள் இருக்கின்றன.

தம்பி சொல்வது: அவள் வந்து நின்றதுமே எல்லோரும் கைதட்டினார்கள். (அவனும் அங்கே இல்லை. அப்பாக்களின் சாட்சியம் செல்லாது.)

நான் எழுதிப் பார்த்தது: பின்வரிசையில் ‘புழு’ என்றவனே எழுந்து வந்து — வேண்டாம். வாழ்க்கை அவ்வளவு கச்சிதமாக மடிவதில்லை, முப்பத்திரண்டு பக்கத் தாள் மாதிரி.

இந்த வகைக் கதைகளில் இங்கே முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவர் நழுவுவது வழக்கம். அப்படி நழுவியிருந்தால் குண்டூசியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆசிரியை தம்பியிடம் தொலைபேசியில் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அவள் முன்னால் வந்து நின்று, “இந்தக் கதையில யானைக்குட்டி பத்திரமா வந்துடும். யாரும் பயப்பட வேண்டாம். இப்ப கதை,” என்று தொடங்கினாள். எப்போதும் பேசாத முன்வரிசைப் பையன் ஒருவன் “அப்பாடா” என்றான். கடைசிவரை சொன்னாள். கைதட்டல் எல்லாம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அன்று வயிறு வலிக்கவில்லை.

9

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. மண்புழுவுக்காக அறுபது பக்கம் உழைத்தவருக்கு. பேருந்துச் சன்னலில் குட்டியின் காதை மட்டும் வரைந்த கைக்கு. தாளை நான்கு முறை மடிக்கும் இயந்திரத்துக்கு. என்னிடம் சண்டைக்கு வந்த இரட்டைச் சடைக்கு, அவள் வராமல் இருந்திருந்தால் பாதி விடையோடு திருப்தியாக இருந்திருப்பேன். கட்டுரை கேட்டுவிட்டு இதை வாங்கிக்கொண்டு, “பத்து எங்க?” என்று மட்டும் கேட்ட ஆசிரியருக்கு. பத்தும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

குண்டூசிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புது அட்டைகளைச் செய்யும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். இரட்டைச் சடையின் வழக்கைச் சொன்னதும், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல, “அட்டைக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல,” என்றாள்.

இப்போது எங்கள் அடுக்கில் இப்படித்தான் செய்கிறோம். கதைப் புத்தக அட்டையின் முன்பக்கத்தில் என்ன ஆபத்து வருகிறது என்று எழுதுகிறோம். பின்பக்கத்தில் அது சரியாகிவிடுமா என்று ஒரே வரி. எப்படிச் சரியாகிறது என்று எழுதுவதில்லை. வேண்டியவர்கள் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.