கோட்டுக்கு அடியில் இரண்டு மூட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு லைல் ஹாஸ்கெட் என் தலையில் கட்டியது. மூன்று முறை சொன்னார், மூன்று விதமாக. கேட்ட நான்தான் குழம்பிப்போனேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1964 ஜூன். வாஷிங்டனில் கொளுத்தும் வெயிலில்...' (சே, வேண்டாம். வெயிலை விட்டால் எனக்கு வேறு தொடக்கமே வராதா?)

சரி, நேராகவே சொல்கிறேன். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் மசோதாவைத் தெற்கத்தி செனட்டர்கள் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பேசிப் பேசியே முடக்கியிருந்தார்கள். அந்தப் பேச்சை நிறுத்த அன்று காலை வாக்கெடுப்பு. புகையிலை விளையும் தெற்கு மாநிலத்து செனட்டர் மெரில் டாகெட் மட்டும் எந்தப் பக்கம் என்று வாய் திறக்கவில்லை. அவருடைய உதவியாளர் லைலுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

2

ஊரிலிருந்து வரும் கடிதங்களை டாகெட்டின் அலுவலகத்தில் எண்ணுவதில்லை, எடைதான் போடுவார்கள். மசோதா வேண்டாம் என்று மூன்று மூட்டை, வேண்டும் என்று ஒன்றே ஒன்று. லைல் 'வேண்டாம்' மூட்டைகளில் இரண்டைச் சுவரோரம் தள்ளித் தன் கோட்டால் மூடினார்.

"ஊர் என்ன சொல்லுது தம்பி?"

"சரிக்குச் சரி சார்."

டாகெட் கையால் தூக்கியே புகையிலைக்கு எடை சொல்கிறவர். மிச்சமிருந்த இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "ஆமா, சமம்தான்." பிறகு அந்தக் கோட்டின்மேல் சாவகாசமாக உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினார். போய், பேச்சை நிறுத்தச் சொல்லி, மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். சொந்த ஊரில் அவருக்கு முடிவெட்டக்கூட யாரும் முன்வரவில்லை.

(குறிப்பு: கோட்டின்மேல் உட்கார்ந்தது முதல் இரண்டு முறை சொன்னதில் இல்லை. நினைவா, ஆறுதலுக்குச் சேர்த்ததா?)

3

நேற்று டாகெட்டின் மகள் நோரீன் தொலைபேசியில் அழைத்தாள். நான் லைலின் பக்கத்தில்தான் இருந்தேன்.

"லைல் மாமா, அப்பா கல்லறையில 'மனசாட்சிப்படி வாக்களித்தவர்'னு வெட்டப்போறாங்க. சரிதானே?"

லைல் ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "நான் மூட்டைய ஒளிச்சது அவருக்குத் தெரியும்னா, அந்த ஓட்டு அவரோடது. தெரியலேன்னா அந்த மனுஷனைக் கவுத்தது நான்தானேய்யா! நீதான் கதை எழுதறவனாச்சே, சொல்லு."

முடிவு ஒன்று: லைல் "சரிதான் கண்ணு" என்று...

முடிவு இரண்டு: அழுதுகொண்டே மூட்டைகளைப் பற்றி...

இரண்டையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் கல்லில் வெட்டிவிடுவார்களே!

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

லைல் ரிசீவரை என் கையில் திணித்தார். எனக்கும் தெரியாது. இந்தாருங்கள் வாசகரே, நீங்கள் பேசுங்கள்.