முட்டி பார்த்த சம்பந்தம்

உத்திரமேரூர் மாட்டுச் சந்தையில் தரகர் வேதகிரியின் கண்ணுக்குத் தப்பிய மாடு கிடையாது. கிடாரி வாங்க வருகிறவன் கிடாரியைப் பார்ப்பான். வேதகிரி அதன் தாய் எங்கே என்று கேட்பார். தாய் எழுந்திருக்கத் திணறினால், கன்று எவ்வளவு பளபளத்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி அது.

நயா பைசா வந்த மறுவருஷம், மகன் சுப்பிரமணிக்குப் பெண் பார்க்கத் திருமுக்கூடலுக்குப் போனபோதும் அந்தக் கண்ணைத்தான் கொண்டுபோனார். பெண் மலர்க்கொடியை நெல் மில்லில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்த சுப்பிரமணி, இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சோற்றைத் தள்ளிவைத்திருந்தான். ஆனால் அப்பா தலையாட்டினால்தான் உண்டு.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்ததில் வேதகிரியின் வலது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. முகத்தில் காட்டிக்கொள்வாரா? தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் தரகன் இன்னும் பிறக்கவில்லை.

பெண்ணின் அப்பா கோபால் பேசாத மனிதர். அந்த வீட்டுக்கு வாய் அவர் மனைவி செங்கேணி. கனத்த உடம்புக்காரி. வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு முட்டியும் கடக் கடக் என்றன. வேதகிரிக்கு அதுவே போதும். எத்தனை நாளாக இப்படி என்று அக்கறையாக விசாரிப்பவரைப் போல் கேட்டுவைத்தார்.

"எங்க அம்மாவுக்கு இருந்துச்சி, எனக்கும் கீது. நாளைக்கு எம் பொண்ணுக்கும் வரலாம்ணா. இதுல மறைக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள் செங்கேணி.

வேதகிரி தாம்பூலத்தை மெல்ல மறந்தார். கேட்ட ஒரு கேள்விக்கு மூன்று தலைமுறைக் குறையை அவிழ்த்துக் காட்டும் ஆளை முப்பது வருஷத் தரகில் அவர் சந்தித்ததில்லை. இருந்தாலும் தொழில் தொழில்தானே? பெண்ணை நடந்து காட்டச் சொன்னார். மலர்க்கொடி நிறைகுடத்தோடு வாசலிலிருந்து தோட்டம்வரை ஒரு சொட்டு சிந்தாமல் போய்வந்தாள். வேதகிரி பாராட்டிவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கூட வந்திருந்த சுப்பிரமணியின் முகம் செத்துப்போனது.

வேதகிரி எழுந்தார். பாதி எழுந்தார் என்பதே சரி. வலது முட்டி செங்கேணியின் முட்டியைவிடச் சத்தமாகக் கடகடக்க, தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கண்ணா," என்றாள் செங்கேணி. "பொண்ணு நடந்துச்சி. இப்ப மாப்பிள்ளையோட அப்பா கொஞ்சம் நடந்து காட்டட்டும். சந்தையில தாயை மட்டுந்தான் பாப்பீங்களா? கன்னுக்கு ஒரு காளையும் இருந்திருக்கும் இல்ல?"

கோபாலே சிரித்துவிட்டார். வேதகிரி தொப்பென்று உட்கார்ந்தார். தன் அப்பாவுக்கும் அண்ணனுக்கும்கூட இதே முட்டிதான் என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு மனசு லேசாகத்தான் இருந்தது. இனி முட்டியைக் காட்டிப் பெண்ணைத் தட்டிக்கழிக்க முடியாது. விட்ட கௌரவத்தைப் பிடிக்க, தன் வீட்டில் நெய்க்குப் பஞ்சமில்லை, ஒரே வருஷத்தில் மலர்க்கொடியை அடையாளம் தெரியாமல் பூரிக்கவைத்துவிடுவோம் என்று ஆரம்பித்தார்.

செங்கேணி கையை உயர்த்தித் தடுத்து, ஒரு கதை சொன்னாள். அவளுக்கு ஒரு அக்கா, தென்னேரியில் வாழ்க்கைப்பட்டவள், ஒரே வயிற்றில் பிறந்தவள். இன்றைக்கும் நாற்றுக்கட்டு மாதிரி ஒல்லி. அவளுக்கும் முட்டி வலி உண்டு. ஆனால் ஐம்பது தாண்டித்தான் வந்தது, இன்னும் வயலுக்குப் போகிறாள். செங்கேணியோ பிள்ளை பெற்ற உடம்பு என்று ஊட்டியதையெல்லாம் தின்று பெருத்தாள். முப்பத்தைந்திலேயே சுவரைப் பிடித்தாள்.

"அம்மா குடுத்த முட்டியைத் திருப்பிக் குடுக்க முடியாதுண்ணா. அது மேல ஏத்தற மூட்டை மட்டுந்தான் நம்ம கையில கீது. உங்க வூட்ல மத்தியானம் கேவுரு கூழு. இளைச்சிட்டியேன்னு சொல்லி ஒருத்தரும் நெய் ஊத்தக்கூடாது. எம் பொண்ணுக்கு மட்டும் இல்ல, உங்க புள்ளைக்கும், உங்களுக்குந்தான். சம்மதம்னா நாள் பாருங்க."

பெண்ணைக் கொடுக்கிறவள் நிபந்தனை போடுகிறாள்! வேதகிரி அசந்துபோய் அவளைப் பார்த்தார். தன் குறையையே முதலாக வைத்து வியாபாரம் முடிக்கும் வித்தை எந்தச் சந்தையில் படித்ததோ? ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு வடைம்மா?"

"ஒண்ணு."

"வடை சின்னதா இருந்தா?"

"ஒண்ணுதாண்ணா."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, வேதகிரி எதிராளி சொன்ன விலைக்கே தலையாட்டினார். மலர்க்கொடி வந்து கால்களை ஊன்றி, தாயை ஒரே தூக்கில் நிறுத்தினாள். சுப்பிரமணி ஓடிவந்து அப்பாவைத் தூக்கினான். அவனுக்கு மூன்று தூக்கு வேண்டியிருந்தது. நாளையிலிருந்து இவனுக்கும் கேழ்வரகுக் கூழ்தான் என்று வேதகிரி அப்போதே முடிவுகட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் சுப்பிரமணி மெதுவாகக் கேட்டான், போகலாம் என்று எழுந்தவர் எதைப் பார்த்து மனசு மாறினார் என்று.

"நான் எப்பவும் தாயைத்தாண்டா பாப்பேன்," என்று வேதகிரி முட்டியைத் தடவிக்கொண்டார். "மொதல்ல காலைப் பாத்தேன். அது என் தப்பு. வாயைத்தான் பாத்திருக்கணும்."