கூம்பு விழுந்த கண்

ஹம்சாவுக்குப் பைத்தியம் என்று முதலில் ஊருக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவள் புருஷன் ஸ்ரீரங்கன்தான்.

சாமி விளக்கில் ஒரு சுடர் நாலாகத் தெரிகிறது, நிலாவுக்கு வால் முளைத்திருக்கிறது என்று அவள் சொல்லப்போக வந்த வினை அது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் பார்வை தெளியவில்லை. எந்நேரமும் கண்ணைக் கசக்கினாள். "இல்லாததெல்லாம் இவ கண்ணுக்குத் தெரியறது" என்று ஸ்ரீரங்கன் தி.நகரில் உறவுக்காரர் வீடு ஒன்றையும் விடாமல் சொல்லி வைத்தான். மனநல மாத்திரை வாங்கிக் கொடுத்தான். அதைத் தின்றுவிட்டு அவள் பகலெல்லாம் தூங்கினாள். அந்தத் தூக்கத்தையும் பைத்தியத்தின் கணக்கில் சேர்த்தார்கள். கடைசியில் மயிலாப்பூரில் அவள் அப்பா ஸ்ரீவத்சன் வீட்டு வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனான். புத்தி சுவாதீனம் இல்லாதவள் என்று சொல்லி விவாகரத்து வழக்கும் போட்டான்.

அப்பாதான் அவளை அடையாறில் டாக்டர் அஃப்சருன்னிசாவிடம் அழைத்துப் போனார். டாக்டர் அவள் சொன்ன எதற்கும் சிரிக்கவில்லை. வட்டம் வட்டமாகக் கோடு போட்ட தட்டு ஒன்றை அவள் கண்ணெதிரே பிடித்து, நடுவிலிருந்த துளை வழியே நெடுநேரம் பார்த்தார்.

"கீழே பாருங்கம்மா. சார், இங்க வாங்க. கீழ் இமை எப்படிக் கூராத் துருத்துது பாருங்க."

ஸ்ரீவத்சன் குனிந்து பார்த்தார். மகளின் இமை நடுவில் முனைபோலப் பிதுங்கியிருந்தது.

"இதுக்குப் பேரு கெரட்டோகோனஸ். அபூர்வமாத்தான் வரும். கருவிழி மெலிஞ்சுபோய் கூம்பு மாதிரி முன்னால தள்ளிடுச்சு. உள்ளே போற வெளிச்சம் சிதறுது, அதான் ஒண்ணு நாலாத் தெரியுது. நீங்க சொன்னது எல்லாம் நிஜம்மா. கண்ணை மட்டும் இனிமே கசக்கவே கூடாது. கெட்டி லென்ஸ் போட்டா பார்வை தெளியும். ரொம்ப முத்தினா, வேற கருவிழி வெச்சுத் தைக்கலாம்."

அப்பா அழுதேவிட்டார். ஹம்சாவுக்கு அழுகை வரவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், இதைக் கோர்ட்டுல வந்து சொல்வேளா?"

டாக்டர் வந்து சொன்னார். வழக்கு அத்தோடு படுத்துவிட்டது.

அடுத்த வாரமே ஸ்ரீரங்கன் மயிலாப்பூருக்கு ஓடி வந்தான். அசோக் நகரில் அவனுக்கு வேறு பெண் பேசி முடித்திருந்தார்கள். ஹம்சா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் விவாகரத்து கிடைக்கும்.

"போட்டுடு ஹம்சா. உனக்கும் நிம்மதி."

லென்ஸ் போட்ட கண்ணால் அவனை நன்றாகப் பார்த்தாள். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

"அந்தப் பொண்ணாத்துக்கு நானும் வரேன். எனக்குப் பைத்தியம்னு சொன்னது பொய்னு உங்க வாயாலயே சொல்லுங்கோ. அப்புறம் யோசிக்கறேன்."

வேறு வழியில்லாமல் அழைத்துப் போனான். பெண்ணின் அப்பா காபி கொடுத்து உட்காரவைத்தார். ஸ்ரீரங்கன் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"உரக்கச் சொல்லுங்கோ, உள்ளே இருக்கறவாளுக்கும் கேக்கட்டும்" என்றாள் ஹம்சா.

சொன்னான். கண் நோய்க்காரியைப் பைத்தியம் என்று சொல்லித் துரத்தியதைச் சொன்னான். மாத்திரை கொடுத்ததை மட்டும் சொல்லாமல் விழுங்கப் பார்த்தான், அவள் விடவில்லை. அதையும் சொன்னான். பெண்ணின் அப்பா எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

தெருவில் அவள் பின்னாலேயே வந்து, "அதான் சொல்லிட்டேனே, கையெழுத்து?" என்று கெஞ்சினான்.

"யோசிக்கறேன்னுதானே சொன்னேன்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பிறகு அவளுக்கு வலது கண்ணில் நோய் முத்திப்போய், யாரோ இறந்தவர் தந்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். தையலெல்லாம் பிரித்து, பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து, தன்னிஷ்டப்படி நடமாடத் தொடங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அதுவரை அவன் தூது விட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தூதும் வந்துபோன அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.